மூன்றாம் கட்டுக்குப் பின்னால்: செட்டிநாட்டுக் கீரைப்பாத்தியின் வரலாறு

முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் தனித்தனிக் கட்டுகளாக விற்கும் கீரைகள் அமராந்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் இவை நெடுங்காலம் விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. வீட்டின் பின்புறம் கிணற்றை ஒட்டிய சில முழ நிலத்தில் விதை தூவி வளர்த்து, வேண்டும்போது பறித்துக்கொள்ளும் பொருளாகவே இருந்தன. இந்த ஊர்களின் மாளிகைகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றையும் கப்பலில் வரவழைக்க முடிந்த ஒரு சமூகத்தால் வரவழைக்க முடியாதவற்றில் கீரை ஒன்று. காலையில் பறித்தது வெயில் ஏறுமுன் வாடிவிடும். பத்தாயத்தில் கொட்டி வைக்கவோ, வற்றல் போட்டு ஜாடியில் அடைக்கவோ முளைக்கீரை இடங்கொடுக்காது. அடுப்புக்கு அருகிலேயே விளைய வேண்டிய கறி அது. அதனால் அதன் வரலாறு அந்த வீடுகளின் வரலாற்றோடு பிணைந்தே நடந்திருக்கிறது.

பெயர்கள் பல என்றாலும் வீட்டுப் பாத்தியில் வேறுபாடு பெரும்பாலும் பறிக்கும் முறையிலும் பருவத்திலும்தான். நெருக்கமாக முளைத்ததை மூன்று வாரத்துக்குள் வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை. இடைவெளி விட்டு நிற்கவிட்டதை ஐந்தாறு வாரம் வளரவிட்டால் தண்டு பருத்துத் தண்டுக்கீரை. அரைக்கீரை தாழப் படர்ந்து கிளைக்கும் வகை. அதைப் பிடுங்குவதில்லை, நுனியைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். சிறுகீரை குட்டையான செடி, இலையும் பொடி. இவற்றுக்கு இடையே இன எல்லை எங்கே என்பதில் தாவரவியலாளர் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பாத்தி போட்டவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை. விதைக்காமலே முளைக்கும் உறவுகளும் உண்டு: குப்பைக்கீரை, முள்ளுக்கீரை. முள்ளுக்கீரை வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய செடி. தண்டுக்கீரையின் இனமான அமராந்தஸ் டிரைகலர் தெற்காசிய, தென்கிழக்காசிய மண்ணுக்கு உரியது.

கீரை பறித்து உண்பதைப் பற்றிய தமிழ்ச் சான்று மிகப் பழையது. புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வீட்டு வறுமையைச் சொல்கிறார். அவர் மனைவி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து உண்ணும் நிலை அதில் வருகிறது. அந்தத் தளிர் முன்பு கொய்த கணுவிலிருந்து மறுபடி துளிர்த்தது என்பதையும் புலவர் சேர்த்துச் சொல்கிறார். வறுமையைக் காட்டத்தான் அந்த விவரம். ஒரே செடியைத் திரும்பத் திரும்பக் கிள்ளி உண்டிருக்கிறார்கள் என்பது நமக்கு அதிலிருந்து கிடைக்கும் உபரி. அரைக்கீரைப் பாத்தியின் முறையும் அதுவேதான். மருத்துவ மரபில் பதார்த்த குண சிந்தாமணி முதலான நூல்கள் கீரைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் குணம் சொல்கின்றன. ஏழையின் உணவாகவும் பத்திய உணவாகவும் கீரைக்கு இருந்த இரட்டை மதிப்பு செட்டிநாட்டுப் பெருவீடுகளிலும் அப்படியே தொடர்ந்தது.

செட்டிநாட்டு நிலம் காய்கறிக்குத் தாராளமானது அல்ல. செம்மண், அதனடியில் பல இடங்களில் செம்புறாங்கல். வற்றாத ஆறு எதுவும் ஊர்களைத் தொட்டு ஓடவில்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்; அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களுக்குக் கண்மாயும் ஊரணியும் கிணறும்தான் கதி. நாட்டுக்கோட்டை நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்களாக இங்கே குடியேறினர் என்பது அவர்களது மரபு. நதியும் கடலும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள் வறண்ட மேட்டு நிலத்தில் வீடு கட்டியபோது, அந்த வீட்டின் அமைப்பிலேயே தண்ணீர்க் கணக்கு ஏறிவிட்டது.

பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940க்கும் இடைப்பட்ட காலத்தவை. ஒரு தெருவில் முகப்பு, அதற்கு நேர் பின்னால் அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடு நீளவாக்கில் ஓடும். முகப்பைத் தாண்டினால் வளவு என்னும் திறந்த முற்றம், சுற்றிலும் பத்தியும் அறைகளும், அடுத்து இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் சமையலுக்கான கட்டு, கடைசியில் தோட்டம். நான்கு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை மழைநீரை வளவில் இறக்கும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதை அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கல் பாவிய வாய்க்கால் வழியே கிணற்றுப் பக்கமும் தெருக் காலுக்கும் ஊரணிக்கும் போகவிட்டார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றதற்கு மாளிகைகளின் அழகோடு இந்த நீரமைப்பும் ஒரு காரணம்.

இந்த அமைப்பில் கீரைக்கு உரிய இடம் தானாகவே அமைந்தது. பாத்திரம் கழுவிய நீரும் குளியல் நீரும் வழிந்து வரும் பின்கட்டில் வாழை, கருவேப்பிலை, கீரை என்று ஏதாவது நிற்பது தமிழ்நாட்டு வீடுகளின் பொது வழக்கம். தொழுவம் வீட்டோடு இருந்தால் சாணம் அருகிலேயே. விறகு அடுப்பு இருந்தவரை சாம்பலுக்கும் பஞ்சமில்லை. தண்ணீர், எரு, சாம்பல், பறிக்கும் கை ஆகிய நான்கும் இருபது அடிக்குள் கூடிய இடம் அது. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் வைத்திருந்தவர்களும் கீரையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் போட்டதன் காரணம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பாத்தியின் மேலாண்மை பெண்கள் கையில் இருந்தது. இதற்கு நகரத்தாரின் வட்டித்தொழிலும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார் ஆண்கள் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என்று ‘கொண்டுவிற்க’, அதாவது கடல்கடந்து தொழில் நடத்தப் போனார்கள். பெட்டியடி எனப்பட்ட அந்தக் கடைகளில் சம்பளத்துக்கு இருந்தவர்கள் பொதுவாக மூன்று ஆண்டு ஒரு தவணை முடித்துத்தான் ஊர் திரும்பினர். வீட்டை ஆண்டவர்கள் ஆச்சிமார். இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிச் சமையலுக்கு விடுவார்கள். அதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். தம்பதிக்கு ஓர் அறையும் ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு சாமான் என்று ஓர் அளவும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்வரிசையில் இந்த ஏற்பாட்டை விவரிக்கிறார். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு அடுப்பு எரிந்தது. ஒவ்வோர் அடுப்புக்கும் தனிக் கணக்கு. நெல், எண்ணெய், புளி, மிளகாய் எல்லாம் அளந்து கொடுத்தவை. வீட்டுப் பேரேடுகளில் ஏறியவை. தோட்டத்துக் கீரையை யாரும் படியால் அளந்ததில்லை, செலவு எழுதியதும் இல்லை. காசு எண்ணும் தொழிலில் பேர்போன வீடுகளில் அது எண்ணப்படாமல் போனதே பின்னாளில் அதைப் பற்றிய எழுத்துச் சான்று அருகியதற்கும் காரணம். வரலாற்றாசிரியர்கள் மாளிகைகளின் தூணையும் சீலிங்கையும் விவரித்த அளவுக்குப் பின்வாசல் பக்கம் வந்ததில்லை.

விதைப்பதில் உள்ள நுணுக்கம் முழுவதும் விதையின் சிறுமையிலிருந்து வருவது. கீரை விதை கடுகைவிடப் பொடியானது, கறுத்து மினுங்கும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். கையால் அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும், இன்னோரிடம் வெறுமையாகும். ஆகவே சலித்த மணலோடு கலந்து தூவுவார்கள். மணல் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிவதால் விதை எங்கே விழுந்தது என்பதும் தெரியும். மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிய சாணத்தைக் கலந்து, மட்டம் பார்த்துப் பாத்தி பிடிப்பது முதல் வேலை. தூவியபின் கையால் மேலாகத் தடவினால் போதும். ஆழப் புதைந்த விதை மேலே வராது. முதல் சில நாள் தண்ணீரைக் கொட்டக் கூடாது, தெளிக்க வேண்டும். பூவாளி வருமுன் கைவிரலைக் குவித்துத் தெளித்தார்கள். பாத்தியின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி அதன் மேல் ஊற்றுவதும் உண்டு. நான்காம் ஐந்தாம் நாளில் முளைப்பு தெரிந்ததும் கீற்றை எடுத்துவிடுவார்கள். முதல் எதிரி எறும்பு. விதையை ஒன்றுவிடாமல் இழுத்துப்போய்விடும். பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவுவது அதற்காக. அந்தச் சாம்பல் பிறகு மண்ணில் கரைந்து சாம்பல் சத்தாகவும் பயன்பட்டது.

முளைத்தபின் நெருக்கத்தைக் கலைப்பதும் இந்தச் செடியில் அறுவடையே. நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கினால் அன்றைய கறி. நின்றவை அடுத்த வாரத்துக்கு. இருபதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள்வரை ஒரே பாத்தி முளைக்கீரையாகத் தொடங்கித் தண்டுக்கீரையாக முடியும். பத்து நாளுக்கு ஒரு பாத்தி விதைத்து வந்தால் வீட்டில் கீரைக்கு இடைவெளி விழாது. அமராந்தஸ் செடிகள் ஒளிச்சேர்க்கையில் சோளம், கரும்பு, மக்காச்சோளம் போன்ற சி4 வகையைச் சேர்ந்தவை. கடும் வெயிலில் மற்றக் கீரைகள் சுணங்கும்போது இவை வளரும். செலவழிக்கும் தண்ணீருக்கு விளைச்சலும் கூடுதல். சித்திரை, வைகாசியில் கிணறு ஊறும் வரை செட்டிநாட்டில் எந்தப் பச்சை இலை கிடைக்கும் என்றால் முருங்கையும் அகத்தியும் இவையும்தான். இவற்றுக்கு ஆகாத காலம் அடைமழைக்காலம். தண்டு சாய்ந்துவிடும், மண் தெறித்து இலை அழுகும், இலையின் அடியில் வெள்ளைத் துரு நோய் வரும், இலையைப் பிணைக்கும் புழு ஏறும். ஆடிப் பட்டத்திலும் தை, மாசியிலும் போட்ட பாத்திகளே நம்பிக்கையானவை. ஐப்பசியில் கீரை வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு வயிற்றுக் கோளாறைக் காரணம் காட்டுவார்கள். தெறித்த சேறும் புழுவும் ஒட்டிய இலையைப் பார்த்தால் அந்தத் தடையில் வேளாண்மையும் கலந்திருப்பது தெரியும்.

விதை எடுக்கும் முறை எளிது, பொறுமை கேட்பது. பாத்தியில் நோயில்லாத, தண்டு திரண்ட, இலை அகன்ற நாலைந்து செடியைப் பறிக்காமல் ஓரத்தில் நிற்கவிடுவார்கள். உயரமாகப் போய்க் கதிர் விட்டு, கதிர் பழுப்பேறியதும் அறுத்துத் துணியில் உலர்த்தி, கையால் கசக்கிப் புடைத்தால் விதை கிடைக்கும். முற்றவிட்டால் தானே உதிர்ந்து பாத்தி முழுக்க முளைத்துவிடும். சில வீடுகளில் அடுத்த விதைப்பே அப்படித்தான் நடந்தது. உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து துணியில் முடிந்தோ சுரைக்குடுக்கையில் அடைத்தோ ஈரம் படாத இடத்தில் வைத்தார்கள். ஒரு செடியில் பல்லாயிரம் விதை கிடைப்பதால் கொடுக்கல் வாங்கலில் கஞ்சத்தனத்துக்கு இடமில்லை. மகரந்தம் காற்றில் பறந்து அக்கம்பக்கத்துச் செடிகளோடு ஓரளவு கலக்கும் பயிர் இது. எனவே எந்த வீட்டு விதையும் முற்றிலும் அந்த வீட்டுக்கே உரியதாக நிலைத்ததில்லை. சில ஆண்டுகளில் ஒரு தெருவின் கீரை ஒரே சாயலுக்கு வந்துவிடும். வெள்ளைத்தண்டு வேண்டும், செந்தண்டு வேண்டாம் என்ற விருப்பமெல்லாம் நிற்கவிடும் அந்த நாலைந்து செடியைத் தேர்வதில்தான் நிறைவேறியது.

செட்டிநாட்டுச் சமையலின் பெயர் இன்று மிளகுக்கோழியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹோட்டல் பலகைகள் செய்த வேலை அது. வீட்டு அன்றாடச் சமையலில் கீரைக்குப் பெரிய இடம் இருந்தது. முளைக்கீரையை மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தால் மசியல். அரைக்கீரையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தேங்காய் சேர்த்தால் பொரியல். பருத்த கீரைத்தண்டு பருப்போடு கூட்டாகவும், மாங்காய்ப் பருவத்தில் மாங்காயோடு குழம்பாகவும் மாறும். அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் எடுத்துவைத்து அதில் செய்யும் மண்டி, கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் பொது; செட்டிநாட்டுக்கே உரிய பக்குவம். வேரை மட்டும் அரிந்து மாட்டுக்குப் போட்டால் முளைக்கீரையில் வீணாவது எதுவும் இல்லை.

ஐரோப்பியர் இந்தக் கீரைகளைப் பட்டியலிடத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில். லின்னேயஸ் 1753இல் அமராந்தஸ் டிரைகலருக்குப் பெயரிட்டு அதன் தாயகம் இந்தியா என்று குறித்தார். சென்னை இராணுவ மருத்துவர் ஒயிட்லா அயின்ஸ்லி 1826இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகாவில் சிறுகீரை முதலியவை தமிழ்ப் பெயரோடு இடம்பெறுகின்றன. அதே நூற்றாண்டின் தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, நிவாரண வேலையில் இருந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியக் கூலி போதுமா என்று இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிளுக்கும் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷுக்கும் பெரும் வழக்கு நடந்தது. தானியம் மட்டும் உடலைத் தாங்காது என்பது கார்னிஷின் வாதம். பஞ்சகாலத்தில் மக்கள் குப்பைமேட்டுக் கீரையையும் தேடியலைந்தனர். புறநானூற்றுக் காட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்தது. இலையில் உள்ளது என்ன என்பதை எண்களாகச் சொல்ல இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட நலவாழ்வு அறிக்கை எண் 23, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைத் தந்தது. கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-க்கு மலிவான மூலம் கீரை என்பது அதற்குப் பிறகு அரசு விளம்பரங்களின் நிரந்தர வாசகமானது.

கொண்டுவிற்கப் போன இடங்களிலும் இந்தக் கீரை அந்நியமில்லை. பர்மியர் அதை ஹின்னுநுவே என்பார்கள், மலாயாவில் பாயம், இலங்கைச் சிங்களத்தில் தம்பலா. சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அதைப் பயிரிட்டு விற்றார்கள். கிட்டங்கி எனப்பட்ட கூட்டுக் கடைக் கட்டடங்களில் வரிசையாகப் பெட்டி போட்டு அமர்ந்திருந்த செட்டியார்களுக்குச் சொந்தப் பாத்தி வேண்டியிருக்கவில்லை. சந்தைக் கீரையே ஊர்க் கீரைக்குச் சொந்தம்.

பாத்தியின் சரிவு வெளிநாட்டிலிருந்தே தொடங்கியது. 1930களின் பெருமந்தத்தில் பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுக்க, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு 1937க்குள் செட்டியார் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948க்குப் பிறகு அந்த நிலத்தைப் பறித்த பர்மாவின் சட்டங்கள். 1960களில் வங்கி, வணிக நாட்டுடைமை. வருமானம் நின்றதும் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, மதுரை, கோவை என்று பெயர்ந்தனர். இம்முறை பெண்களும் கூடவே போனார்கள். முன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். வீடு பூட்டப்பட்டு, வருஷத்துக்கு ஒரு முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கப்பட்டால் நாற்பது நாள் பயிருக்கு அங்கே வேலையில்லை. இன்னொரு பக்கம் 1930இல் காரைக்குடிக்கு வந்த ரயிலும், பிறகு லாரிகளும் ‘இங்கிலீஷ் காய்கறி’யை அன்றாடப் பொருளாக்கின. கோஸும் பீன்ஸும் விருந்துக்கு ஏறியதும் கீரை விருந்துப் பந்தியிலிருந்து இறங்கியது. ஊரில் இருந்தவர்களுக்குக் கூடையோடு தெருவில் வரும் கீரைக்காரியின் கட்டு போதுமானதாயிற்று.

விதையும் வீட்டை விட்டு வெளியேறியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 1 முதல் வரிசையாக இரகங்களை வெளியிட்டது. கோ 3 கிள்ளிப் பறிப்பதற்கானது. விதைத்த இருபதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறையாகப் பத்து முறை எடுக்கலாம். கோ 4 விதைக்காகவும் வளர்ப்பது. கோ 5இன் இலை பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தது. எக்டேருக்கு இரண்டரைக் கிலோ விதை என்பது பொதுவான பரிந்துரை. வீட்டுக் கணக்கில் ஒரு சென்டுக்குப் பத்துக் கிராம். தமிழ்நாடு அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தின் பெட்டிகளில் தென்னைநார்க் கழிவுப் பைகளோடு கீரை விதைப் பொட்டலமும் இருந்தது. செட்டிநாட்டு மாளிகைகளில் சில 1990களின் இறுதியிலிருந்து தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் பின்புறத்தில் சமையலுக்கான தோட்டம் மறுபடி போடப்பட்டிருக்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட முதியவர்களின் வீடுகளில் பாத்தி இன்னும் உண்டு. இரு இடத்திலும் விதை பெரும்பாலும் கடைப் பொட்டலத்திலிருந்து வருவது. மணல் கலந்து தூவுவதும் சாம்பல் போடுவதும் மாறவில்லை. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலைத்தான் வேறெங்காவது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.